யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் சொன்ன பாடம்: தூள் பழக்கத்துக்கு வைத்தியம் உண்டு



கசிப்பைப் பற்றியும் வெற்றிலையோடு போடும் புகையிலையைப் பற்றியும் முன்பு எழுதியிருக்கிறோம். இந்த முறை "தூள்", "குடு" என்று சொல்லப்படும் ஹெரோயின் பற்றி எழுதுகிறோம். "அது டவுன்காரன் சமாசாரம், லயத்துக்கும் அதுக்கும் என்னங்கய்யா சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். கடந்த வருடம் ஒரு தகப்பனோடு யாழ்ப்பாணம் போய் வந்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

யாழ்ப்பாணம் நமக்கு முன்பு போல் தூரமில்லை. 1977, 1983 ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின் மலைநாட்டை விட்டு வன்னிப் பக்கம் போய்க் குடியேறிய உறவுக்காரர் பலருக்கும் உண்டு. இன்று நம் பிள்ளைகள் கொழும்புக்குப் போவது போலவே வடக்குக்கும் போகிறார்கள். சாப்பாட்டுக் கடை, துணிக்கடை, கட்டிட வேலை என்று கிடைத்த வேலையில் சேருகிறார்கள். ஆகவே அங்கே உள்ள ஆபத்து நம் வீட்டு ஆபத்தும்தான்.

ஒரு தகப்பனோடு போன பயணம்

நம் டிவிஷன் ஒன்றில் உள்ள குடும்பம் அது. "எழுதுங்கய்யா, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும். பேர மட்டும் போட்டுறாதீங்க" என்று அந்தத் தகப்பனே கேட்டுக்கொண்டார். அவர் பக்டரியில் வேலை செய்கிறார். தாய் கொழுந்து எடுக்கிறார். மூத்த மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான்.

முதல் ஆறு மாதம் பணம் ஒழுங்காக வந்தது. தங்கச்சிக்குப் புதுச் சப்பாத்தும் வந்தது. பிறகு பணம் குறைந்தது. பிறகு போன் எடுப்பதும் குறைந்தது. தீபாவளிக்கு வந்தபோது ஆள் பாதியாகியிருந்தான். நல்ல வெயிலிலும் நீளக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. வந்த மறுநாளே மூக்கு ஒழுகல், ஓயாத கொட்டாவி, வயிற்றோட்டம், கைகால் உளைச்சல். இரவு முழுக்கத் தூக்கமில்லை. தாய் காய்ச்சல் என்று நினைத்து மல்லித்தண்ணி வைத்துக் கொடுத்தார். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார். மூன்றாம் நாள் தாயின் தோட்டைக் காணவில்லை. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

தகப்பன் அடித்தார். அடித்தும் ஆற்றாமல் காம்பராவுக்குள் போட்டுப் பூட்டினார். பையன் ஒன்பது நாள் உள்ளே கத்தினான், வாந்தி எடுத்தான், சுவரில் தலையை முட்டினான். பத்தாம் நாள் எழுந்து குளித்துவிட்டுச் சோறு கேட்டான். "சாமி கண்ண தொறந்துருச்சு" என்று தாய் அழுதார். வீட்டில் கடன் இருந்தது. அந்த மாதம் முடியுமுன்னே பழைய கடைக்கே பஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

போன நாலாம் நாள் அங்கிருந்து போன் வந்தது. கடையின் பின் அறையில், மூச்சு சரியாக வராமல், உதடு நீலம் பூத்துக் கிடந்தானாம். கூட வேலை செய்த பையன் பயந்து ஓடவில்லை. 1990 க்குப் போன் பண்ணினான். அம்பியுலன்ஸ் வந்தது. அந்தப் பையனால்தான் இவன் உயிர் பிழைத்தான்.

தகப்பனுக்கு யாழ்ப்பாணத்தில் யாரையும் தெரியாது. எங்களைக் கூப்பிட்டார், நாங்களும் கூடப் போனோம்.

அங்கே சந்தித்த தாய்

ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வயதான தாய் தன் இளைய மகனோடு உட்கார்ந்திருந்தார். கிளினிக் நாள் அது. எங்கள் பேச்சைக் கேட்டு, மலைநாட்டு ஆட்கள் என்று தெரிந்துகொண்டு, தானாகவே பேசத் தொடங்கினார்.

"தம்பி, ஆரும் கேட்டா என்ர மூத்தவன் நெஞ்சு வருத்தத்தில செத்தவன் எண்டுதான் சொல்லுறனான். உண்மை அது இல்லை. அவனை ஒரு மாதம் வீட்டுக்குள்ளயே வச்சு மறிச்சன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ஊர் அறிஞ்சிடும், பொலிஸ் வரும், பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கலியாணம் சரிவராது எண்டு பயம். பழக்கத்தை விட்டுட்டான் எண்டுதான் நினைச்சன். வெளியில போன அண்டைக்கே செத்துப் போனான். இப்ப இவனையும் பிடிச்சிட்டுது. இவனைக் கிழமைக்குக் கிழமை நானே கூட்டிக்கொண்டு வாறன். ஊர் சொல்லுறதைச் சொல்லட்டும்."

நம் தகப்பன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நானும் அதே தப்பத்தான்யா செஞ்சேன். என் புள்ள தப்பிச்சிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

இரண்டு வீட்டிலும் அன்பு குறைவில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே விஷயம்தான் தெரியாமல் இருந்தது. அதைத்தான் இப்போது படிக்கப் போகிறோம்.

தூள் உடம்புக்குள் என்ன செய்கிறது?

கசகசாச் செடியின் காயைக் கீறினால் பால் வடியும். அது காய்ந்தால் அபின். நம் பாட்டன்மார் காலத்து நாட்டு வைத்தியத்தில் அபின் ஒரு மருந்துச் சரக்கு. 1800 களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு மருந்துக் கடைக்காரர் அபினிலிருந்து மோர்ஃபினைப் பிரித்தெடுத்தார். கடுமையான நோவுக்கு இன்றும் ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் நல்ல மருந்து அது. மோர்ஃபினை மாற்றிச் செய்த ஹெரோயினை 1898 இல் பேயர் என்ற ஜெர்மன் கம்பனி இருமல் மருந்தாகவே விற்றது. பிறகுதான் அதன் கெடுதி உலகத்துக்குத் தெரிந்தது.

இந்த வகைப் பொருள்கள் மூளையில் நோவை அடக்கும் இடத்தில் போய் உட்காருகின்றன. கொஞ்ச நாளில் உடம்பு அதற்குப் பழகிவிடும். நேற்றைய அளவு இன்றைக்குப் போதாது. அளவு கூடிக்கொண்டே போகும். நிறுத்தினால் எட்டு, பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் உடம்பு கேட்கத் தொடங்கும். நம் தாய் காய்ச்சல் என்று நினைத்தது இதைத்தான். இரண்டாம், மூன்றாம் நாள் மிகக் கடுமையாக இருக்கும். ஒரு கிழமை, பத்து நாளில் பெரும்பாலும் தணிந்துவிடும்.

முக்கியமான விஷயம் இனித்தான் வருகிறது. பத்து நாளில் தணிவது உடம்பின் வேதனை மட்டும். மூளையின் ஆசை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும். ஆனால் உடம்பின் தாங்கும் சக்தியோ அந்தப் பத்து நாளிலேயே குறைந்துவிடும். நிறுத்தியிருந்த பையன் பழைய இடத்துக்குப் போய், பழைய கூட்டாளியைக் கண்டு, பழைய அளவையே எடுத்தால், அந்த அளவை இப்போது அவன் உடம்பு தாங்காது. மூச்சு மெதுவாகி நின்றுவிடும். மறியலிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. "விட்டுட்டான்" என்று வீடு நிம்மதியாகும் அந்த நாட்கள்தான் மிகவும் ஆபத்தான நாட்கள்.

ஊசியால் ஏற்றுகிறவர்களுக்கு வேறு ஆபத்தும் உண்டு. ஒரே ஊசியைப் பலர் பாவிப்பதால் எச்.ஐ.வி., ஈரலைக் கெடுக்கும் கிருமிகள், இதயத்தின் உள்ளே சீழ் பிடிக்கும் நோய் எல்லாம் வரும். 2022 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஊசியால் ஹெரோயின் ஏற்றிய இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்ததை அங்குள்ள பத்திரிகைகள் தொடர்ந்து எழுதின.

யாழ்ப்பாணத்துக்கு எப்படி வந்தது?

யுத்த காலத்தில் தூள் அங்கே அரிதாகத்தான் இருந்தது என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். 2009 இல் யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தன. நல்ல சாமானோடு கெட்ட சாமானும் வந்தது. வல்வெட்டித்துறை, மாதகல் போன்ற கரையோரங்களில் கடல் வழியாக வரும் கஞ்சாவைக் கடற்படை அடிக்கடி பிடிக்கிறது. ஹெரோயின் அரபிக்கடல் பக்கமிருந்து மீன்பிடி றோலர்களில் இலங்கைக்கு வந்து, கை மாறிக் கை மாறி வடக்குக்கும் போகிறது, மலைக்கும் வருகிறது.

வாங்குகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். யுத்தத்தில் உறவை, வீட்டை, படிப்பை இழந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொழில் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். வீட்டை விட்டு வந்து, கடை அறையில் தனியாகப் படுக்கும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதல் தடவை சும்மா கொடுப்பார்கள். "ஒடம்பு வலி போகும், நல்லா தூக்கம் வரும்" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள்.

அரசாங்கத்தின் பணம் இரண்டு வழியில் போகிறது

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தகப்பன் பையில் வட்டிக்கு வாங்கிய பணம் இருந்தது. தெரிந்த ஒருவர் சொன்னார் என்று, முதலில் பணம் கட்டிச் சேர்க்கும் ஓர் இடத்துக்குப் போன் பண்ணிப் பார்த்திருக்கிறார். மாதம் கேட்ட தொகை அவர் மூன்று மாதச் சம்பளம். ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் கேட்கவில்லை. "இது எப்படிங்கய்யா?" என்று கேட்டார்.

அது யாரும் தருமம் பண்ணியது இல்லை. நாம் சவர்க்காரம் வாங்கினாலும் போனுக்குக் காசு போட்டாலும் கட்டுகிற வரி அது. அந்தப் பணம் இந்த விஷயத்தில் இரண்டு வழியில் செலவாகிறது.

முதல் வழி பொலிஸ், நீதிமன்றம், மறியல். போதைப்பொருளுக்கான சட்டம் 1929 ஆம் ஆண்டே வந்தது. 1984 இல் அதைக் கடுமையாக்கினார்கள். 2 கிராம் அல்லது அதற்கு மேல் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். 2022 இல் "ஐஸ்" என்ற பொருளையும் இந்தச் சட்டத்துக்குள் சேர்த்தார்கள். ஐஸ் அபின் வகை இல்லை, ஆனால் தூள் விற்கிற ஆளே அதையும் விற்கிறான். 2023 டிசம்பரில் "யுக்திய" என்ற பெயரில் நாடு முழுக்கப் பொலிஸ் நடவடிக்கை தொடங்கி ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தார்கள். விற்கிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் நோய்ப்பட்ட பிள்ளையை மறியலில் போட்டால் நோய் அங்கேயும் கூடவே போகும்.

இரண்டாம் வழி வைத்தியம். 1984 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைந்தது. தலங்கம, கண்டி, காலி முதலிய இடங்களில் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் அதற்கு உண்டு. மலைநாட்டுக்காரருக்குக் கண்டி நிலையம்தான் கிட்ட. அந்தச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணி ஆலோசனை கேட்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநலக் கிளினிக்குகளும் இந்தப் பழக்கத்துக்கு வைத்தியம் பார்க்கின்றன. யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு.

2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன்படி பழக்கத்துக்கு ஆளானவர் தானாகவே வந்து சிகிச்சைக்குச் சேரலாம். நீதிமன்றம் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பவும் முடியும். பணம் வாங்கிக்கொண்டு சிகிச்சை நடத்துகிற இடம் எதுவானாலும் அனுமதிப்பத்திரம் எடுத்திருக்க வேண்டும். பணம் கட்டுமுன் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நீதிமன்றம் அனுப்பும் பெரிய நிலையங்களில் பொலன்னறுவைப் பக்கத்தில் உள்ள கந்தக்காடு ஒன்று. 2022 ஜூன் மாதத்தில் அங்கே ஏற்பட்ட மோதலில் ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். 2023 இல் புனர்வாழ்வுப் பணியகத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. 2025 ஒக்டோபர் 30 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்க போதைப்பொருளுக்கு எதிரான புதிய தேசிய இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். இயக்கங்களும் சட்டங்களும் வரும், பணமும் ஒதுக்குவார்கள். ஆனால் பிள்ளை எந்த வழியில் போகப்போகிறான் என்பதை முதலில் தீர்மானிப்பது வீடுதான். வீடு மறைத்து வைத்தால், பெரும்பாலும் பொலிஸ்தான் முதலில் கண்டுபிடிக்கும். வீடு கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் டொக்டர் முதலில் பார்ப்பார்.

வேறு நாட்டுத் தொழிலாளருக்கு நடந்தது

இது ஏழை நாட்டுக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் மேற்கு வேர்ஜீனியா என்ற மலைப் பிரதேசம் நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள இடம். அங்கே முதுகு உடையப் பாடுபட்ட தொழிலாளருக்கு நோவுக் குளிசையாக, அபின் வகை மருந்தைத் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். 1996 இல் விற்பனைக்கு வந்த ஒக்ஸிகொன்டின் என்ற குளிசை அதில் முக்கியமானது. அதன் ஆபத்தைக் குறைத்துச் சொல்லி விற்றதாக, அதைச் செய்த கம்பனி 2007 இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. குளிசை கிடைக்காதபோது பலர் ஹெரோயினுக்குப் போனார்கள். கிராமத்துக்குக் கிராமம் சாவு விழுந்தது.

அந்த அரசாங்கம் 2018 முதல் கிராமப்புறங்களுக்கு என்றே தனி நிதி ஒதுக்கியது. கிராமத்துக்குக் கிட்டவே கிளினிக், உள்ளூர் வைத்தியர்களுக்குப் பயிற்சி, நின்று போகும் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் நலோக்ஸோன் என்ற மருந்து ஆகியவற்றுக்கு அந்தப் பணம் போனது. டவுன் ஆஸ்பத்திரி எவ்வளவு பெரிதானாலும், அரை நாள் பஸ்ஸில் போக வேண்டியவனுக்கு அது எட்டாது என்பதை அவர்கள் பல சாவுக்குப் பிறகு புரிந்துகொண்டார்கள். நம் தோட்டங்களுக்கும் இதையே கேட்க நமக்கு உரிமை உண்டு. மாதம் ஒரு முறையாவது கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில், தமிழில் பேசும் ஆளோடு ஒரு கிளினிக் வேண்டும். தோட்டச் சங்கங்களும் தலைவர்மாரும் இதைக் கேட்க வேண்டும்.

முதுகு வலியும் தோள் வலியும் நமக்கும் உண்டு. டொக்டர் எழுதாத வலிக் குளிசையைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் போடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. திடீர் மெலிவு, நீளக்கைச் சட்டை, ஊசிமுனை போல் சிறுத்த கண்மணி, காரணமில்லாத கடன், காணாமல் போகும் நகை ஆகியவற்றைக் கவனியுங்கள். ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேளுங்கள்.

2. அடிக்காதீர்கள், பூட்டி வைக்காதீர்கள். வாந்தியிலும் வயிற்றோட்டத்திலும் உடம்பில் தண்ணீர் வற்றி உயிருக்கு ஆபத்து வரலாம். ஆஸ்பத்திரியில் அந்த வேதனையைக் குறைக்க மருந்து உண்டு. நாள்பட்ட குடிகாரரைத் திடீரென்று பூட்டி வைப்பது இன்னும் ஆபத்து. வலிப்பு வந்து சாகவும் கூடும்.

3. பிள்ளை மூச்சு மெதுவாகி, குறட்டை போலச் சத்தம் வந்து, உதடு நீலமானால் உடனே 1990 க்குப் போன் பண்ணுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு உலுக்குங்கள். மூச்சு வருகிறது என்றால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். தனியே விட்டுப் போகாதீர்கள். என்ன எடுத்தான் என்பதை டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

4. நிறுத்திய பிறகு உடனே பழைய இடத்துக்கு அனுப்பாதீர்கள். ஒரு மாத வருமானம் போனால் சம்பாதிக்கலாம். கிளினிக்கை மட்டும் நிறுத்தாதீர்கள்.

5. ஒரு தரம் மீண்டும் விழுந்தால் எல்லாம் போச்சு என்று கைவிடாதீர்கள். சீனி வருத்தக்காரருக்குச் சீனி ஏறினால் திரும்பவும் கிளினிக்குக்குப் போகிறோம் அல்லவா? இதுவும் அப்படித்தான்.

6. தூரத்தில் வேலை செய்யும் பிள்ளைக்குக் கிழமைக்கு ஒரு முறையாவது போன் பண்ணுங்கள். பணத்தைக் கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

அந்தப் பையன் இப்போது

தகப்பன் அவனைத் தோட்டத்துக்கே கூட்டி வந்தார். இங்கே கிளினிக்கில் பதிந்து போய் வருகிறான். இரண்டாம் மாதம் ஒரு தரம் தவறினான். தாயே எங்களிடம் ஓடி வந்து சொன்னார், மறைக்கவில்லை. மறுநாளே திரும்பக் கூட்டிப் போனோம். அதற்குப் பிறகு எட்டு மாதம் ஆகிறது. தோட்டத்தில் பேர் போடுகிறான். லயத்தில் சிலர் இன்னும் ஒரு மாதிரியாகப் பேசத்தான் செய்கிறார்கள். தாயின் தோடு திரும்பக் கிடைக்கவில்லை. "போனா போகட்டும்யா, புள்ள இருக்கான்" என்கிறார்.

யாழ்ப்பாணத்துத் தாயின் இளைய மகன் எப்படி இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் முன்பின் தெரியாத எங்களிடம் தன் வீட்டுத் துக்கத்தை மறைக்காமல் சொன்னார். அதனால்தான் இந்தப் பாடத்தை எழுத முடிந்தது. உங்கள் வீட்டிலோ பக்கத்துக் காம்பராவிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், எங்களிடமோ தோட்டத்து டிஸ்பென்சரியிலோ வந்து சொல்லுங்கள். நீங்கள் சொன்ன விஷயம் எங்களை விட்டு வெளியே போகாது. ஆஸ்பத்திரிக்குக் கூட வருவோம்.

கூட்டங்களில் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. பத்து நாள் நிறுத்திய பிள்ளைக்கு ஆபத்து ஏன் கூடுகிறது?
2. நம் தோட்டத்திலிருந்து மனநலக் கிளினிக் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்வர எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு? ஒரு குடும்பத்துக்கு அந்தச் செலவில் நாம் எப்படி உதவலாம்?
3. 1927, 1990 ஆகிய இரண்டு இலக்கங்களும் எதற்கு? லயத்தில் எல்லோருக்கும் தெரியும்படி எங்கே எழுதி வைக்கலாம்?
4. பழக்கத்திலிருந்து மீண்டு வந்த ஒரு பிள்ளையை, அவன் மனம் நோகாமல், நாம் எப்படி வேலையிலும் கோயில் திருவிழாவிலும் சேர்த்துக்கொள்வது?